மல்லி விலை ஏறினால் கூலி ஏறுமா? மதுரைப் பக்கத்துப் பூ வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூ எடுக்கிறவர்கள், கட்டுகிறவர்கள், தெருவில் விற்கிறவர்கள், அப்புறம் கல்யாணத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் என்று நாலு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். திருமங்கலம், உசிலம்பட்டி, செக்கானூரணி, வலையங்குளம், நிலக்கோட்டை என்று மல்லித் தோட்டம் இருக்கிற ஊர்க்காரர்களை மனதில் வைத்து எழுதியது. நடுவில் கென்யா ரோஜாவும் வரும், அது ஏன் என்று அங்கே சொல்கிறேன்.

மல்லி கிலோ மூவாயிரம் போகிறதாமே, அப்போது பூ எடுக்கிறவர்களுக்கும் நல்ல காசுதானே?

இல்லை. பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது.

மார்கழி, தையில் பனியால் செடி மொட்டு வைப்பது குறைந்துவிடும், வரத்து இல்லாததால் விலை ஏறும், கூடவே பொங்கலும் தை முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்ளும். பங்குனி, சித்திரையில் நின்ற இடத்திலேயே கை நிறைய எடுக்கலாம். மார்கழியில் செடிக்கு நாலு மொட்டு தேடித் தோட்டம் முழுக்க நடக்க வேண்டும், அதுவும் இருட்டில், பனியில். எடுப்புக்கூலியோ கிலோக் கணக்கு. அங்கேதான் வினையே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். கிலோவுக்கு 100 ரூபாய் கூலி என்று வைப்போம். சித்திரையில் ஒரு காலைப்பொழுதில் 3 கிலோ எடுத்தால் 300 ரூபாய். மார்கழியில் அதே காலைப்பொழுது, அதே கை, முக்கால் கிலோதான் தேறும், 75 ரூபாய். சித்திரையில் கிலோ 300-க்குப் போனால் அந்த 3 கிலோவுக்குத் தோட்டக்காரருக்கு 900 வரும், கூலி போக 600. மார்கழியில் கிலோ 3,000-க்குப் போனால் முக்கால் கிலோவுக்கு 2,250, கூலி போக 2,175. பூ பத்து மடங்கு விலை ஏறியிருக்கிறது, எடுத்த பெண்ணின் கூலி நாலில் ஒரு பங்காகிவிட்டது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். பேசிய கூலியைப் பேசியபடிதான் கொடுத்திருக்கிறார்கள். கூலியைக் கிலோவில் பேசியதுதான் கோளாறு. அதனால் சில தோட்டக்காரர்கள் பனிக்காலத்தில் கிலோக் கணக்கை விட்டுவிட்டு வேளைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் ஆள் வராது என்பது அவர்களுக்கும் தெரியும். என்னைக் கேட்டால் பூக்கூலி பற்றிப் பேசுகிற யாரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பூ குறைந்த நாளில் கூலி என்ன? பூ நிறைந்த நாளின் கூலியைக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்படியென்றால் தோட்டக்காரர்தான் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறாரா?

அவசரப்பட வேண்டாம். கிலோ மூவாயிரம் என்பது டிவியில் வருகிற விலை, வருடத்தில் சில நாள் இருக்கும். சீசனில் பூ குவிந்து கிலோ இருநூறு, அதற்கும் கீழே என்று இறங்கிவிடும்போது டிவிக்காரர் யாரும் மதுரை மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட் பக்கம் வருவதில்லை. அந்த நாட்களில் மிச்சப் பூவை சென்ட் தயாரிக்கிற ஆலைகள் எடுக்கும், அவர்கள் சொல்வதுதான் விலை. இதற்கு நடுவே கவாத்து, உரம், தண்ணீர், மொட்டுப்புழுவுக்கும் செம்பேனுக்கும் மருந்து என்று செலவு மட்டும் நிற்காது.

மல்லி காத்திருக்காது என்பதுதான் தோட்டக்காரரின் பலவீனம். விடியலில் எடுத்த மொட்டு அன்று ராத்திரிக்குள் விரிந்துவிடும். நெல்லை, மிளகாயை வைத்திருந்து விலை வரும்போது விற்கலாம், இதை முடியாது. காலையில் ஒரு விலை, வெயில் ஏறியபின் வேறு விலை. கமிஷன் கடைக்காரர் சொல்கிற விலைக்குப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதிலும் அந்தக் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்குப் பூவைக் கொண்டுபோகவே முடியாது. கமிஷனும் போய், முன்பணத்தில் கொஞ்சம் பிடித்தமும் போய்க் கையில் வருகிற துண்டுச்சீட்டைப் பார்த்தால், பெரும் பணக்காரர் ஆகிற தொழில் இது இல்லை என்று புரியும்.

ஆனாலும் விலை ஏறுகிற நாளின் லாபத்தில் பங்கு இருப்பது அவருக்கும் கடைக்காரருக்கும்தான். எடுத்தவருக்கு இல்லை.

கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்கிறார்களே?

தப்பு. 1948-ம் வருடத்துக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருந்தது. ஒரு வேலைக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி அறிவித்திருந்து, உருப்படிக் கணக்கில் தனியாக அறிவிக்காமல் இருந்தால், உருப்படிக்கு வேலை செய்கிறவருக்கும் அந்த நேரக்கணக்குக் கூலிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற 2019-ம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி அப்படியே இருக்கிறது. விவசாய வேலை என்றாலும் இது பொருந்தும், பூந்தோட்டம் விவசாயம்தான்.

முழு நாள் வேலை இல்லையே, நாலு மணி நேரம்தானே என்று கேட்பார்கள். சரி, நாலு மணி நேரத்துக்கு உரிய பங்கைக் கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன மார்கழி 75 ரூபாய் அந்தக் கணக்கில் நிற்காது. அந்தந்த வருடத்துக்கான கூலித் தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அகவிலைப்படி மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடத் தாளை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம்.

எங்களிடம் எழுத்தே கிடையாது. வாய்ப்பேச்சுதான். எப்படி நிரூபிப்பது?

இந்தக் கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள், ஆனால் சட்டம் இங்கே உங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. புதிய தொகுப்பின்படி கூலி தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது வேலை கொடுத்தவர். பதிவேடு வைக்கும் கடமையிலிருந்து ஐந்து பேருக்கு மேல் ஆள் வைக்காத விவசாயிக்கு விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் அவரும் காட்ட வேண்டும். கேட்பதற்கு மூன்று வருடம் வரை காலம் உண்டு. முன்பு ஆறு மாதம்தான் இருந்தது.

இருந்தாலும் நீங்களும் ஒன்று செய்யலாம். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, தோட்டம், எத்தனை மணிக்கு இறங்கினோம், எத்தனை மணிக்கு ஏறினோம், எத்தனை கிலோ, எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதலாம், இல்லையென்றால் எடை போடும்போது தராசை ஒரு போட்டோ எடுத்தால் நேரமும் தேதியும் போனிலேயே இருக்கும். மணியை எழுதுவது முக்கியம். கிலோவை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள், எத்தனை மணி நேரம் நின்றோம் என்பதை யாரும் எழுதுவதில்லை. நேரக் கணக்கு இல்லாமல் குறைந்தபட்சக் கூலியைக் கேட்கவே முடியாது.

ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது சரியா?

ஒரே வேலைக்கு என்றால் சட்டவிரோதம். 1976-ல் வந்த சம ஊதியச் சட்டம் முதலே அப்படித்தான். ஆனால் பூவில் இது வேறு விதமாக நடக்கிறது. எடுப்பதும் கட்டுவதும் பெண்கள் வேலை, மருந்தடிப்பதும் மூட்டை ஏற்றுவதும் ஆண்கள் வேலை என்று முதலிலேயே பிரித்துவிட்டு, பெண்கள் வேலைக்குக் கிலோக் கணக்கும் ஆண்கள் வேலைக்கு நாள் கணக்கும் வைத்துவிடுகிறார்கள். ஒரே வேலை இல்லையே என்று சொல்லிவிடலாம் பாருங்கள்.

எடையில் ஏமாற்றுகிறார்கள். யாரிடம் சொல்வது?

அதே தொழிலாளர் துறையிடம்தான். தமிழ்நாட்டில் எடை அளவுச் சட்டத்தைப் பார்ப்பதும் அந்தத் துறையே என்பது பலருக்குத் தெரியாது. தராசில் முத்திரை இருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை போட்டிருக்க வேண்டும். பனி ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று குத்துமதிப்பாகக் குறைப்பது சில இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. கழிவு உண்டு என்றால் எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள், எடுத்து முடித்தபின் பேசினால் பூ தராசில் இருக்கும், பேச்சு அவர்கள் பக்கம் இருக்கும்.

முழம் போடுவதும் கறாராகப் பார்த்தால் சட்டத்தில் இல்லாத அளவுதான், மெட்ரிக் அளவு மட்டும்தான் செல்லும். மீட்டர் கோல் வைத்துக்கொண்டு மீனாட்சி கோயில் வாசலில் பூ விற்கச் சொல்லி யாரும் இதுவரை ஜெயித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டுகிறோம். நாங்கள் தொழிலாளர்களா?

ஆமாம். கடைக்காரர் பையில் உதிரிப்பூவையும் நாரையும் கொடுத்தனுப்பி, நீங்கள் கட்டிக் கொடுத்து, அவர் கட்டுக்கூலி தந்தால், வேலை நடக்கிற இடம் உங்கள் திண்ணை என்பதால் மட்டும் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 2008-ம் வருடச் சட்டத்திலேயே வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், 2020-ம் வருட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இப்படி வீட்டிலிருந்து செய்கிற வேலைக்கென்றே 1996-ல் 177-ம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதில் கையெழுத்துப் போட்டு ஏற்கவில்லை.

பூ வேலையிலேயே மிகவும் பலம் குறைந்தவர்கள் கட்டுகிறவர்கள்தான் என்பது என் எண்ணம். எடுக்கிறவர்கள் பத்துப் பேராவது ஒரே தோட்டத்தில் ஒன்றாக நிற்கிறார்கள், ஒருவர் கூலி இன்னொருவருக்குத் தெரியும். கட்டுகிறவர்கள் தனித்தனி வீட்டில். அடுத்த தெருப் பெண்ணுக்கு என்ன கூலி என்றே தெரியாது, அதனால் கடைக்காரர் ஆளுக்கொரு விலை பேச முடிகிறது. நார், நூல் யார் வாங்குவது? பூ பழுத்துவிட்டது, வாடிவிட்டது என்று கூலியில் பிடிக்கலாமா? இதெல்லாம் அன்றைய மனநிலையைப் பொறுத்துப் போகிறது. சரக்கு கெட்டதற்காகக் கூலியில் பிடிப்பதென்றால் முதலில் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். காலையில் வாங்கும்போதே பூ சுமாராக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள், பை வீட்டுக்கு வந்தபின் அது உங்கள் பூ ஆகிவிடுகிறது.

முதல் வேலையாக ஒரு தெருவில் இருக்கிற பூக்கட்டும் பெண்கள் ஆளாளுக்குக் கிடைக்கிற கூலியை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டாலே போதும். அதற்குச் சட்டம்கூட வேண்டாம்.

முன்பணம் வாங்கிவிட்டோம், அதனால் வேறு தோட்டத்துக்குப் போகக் கூடாது என்கிறார்.

கடன் வேறு, ஆள் வேறு. கடனைக் காட்டி ஒருவரை வேறெங்கும் போகவிடாமல் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது 1976-ம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும். அப்படி நிரூபணமானால் கடனே ரத்தாகிவிடும். புகாரைக் கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு இரண்டாயிரம் வாங்கியதையெல்லாம் கொத்தடிமை என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலான இடங்களில் அது ஊர்ப்பழக்கத்தில் வாங்கிக் கொடுக்கிற பணம்தான். போகிறேன் என்று சொன்னதும் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

பிள்ளைகள் விடிகாலையில் வந்து கொஞ்சம் எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் என்ன?

14 வயதுக்குள் இருக்கிற பிள்ளையை அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு இறக்கவே கூடாது. சொந்தத் தோட்டத்தில் உதவலாம், ஆனால் பள்ளி முடிந்த பிறகும் லீவு நாளிலும் என்றுதான் 2016-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. மல்லியோ விடியுமுன் எடுக்க வேண்டிய பூ. நாலு மணிக்கு எழுந்து பூ எடுத்த பிள்ளை முதல் பீரியடில் தூங்கும், அதை வாத்தியார்களே சொல்வார்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றிச் சொல்ல 1098.

மருந்தடித்த தோட்டத்தில் எடுக்கச் சொல்கிறார்கள். பாம்பு வேறு.

பூச்சிமருந்து டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்க்கலாம், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அடித்த பின் இத்தனை நேரம் தோட்டத்துக்குள் இறங்கக் கூடாது என்ற இடைவெளி மருந்துக்கு மருந்து உண்டு. மல்லியில் அதுதான் சிக்கல். சீசனில் தினமும் எடுத்தாக வேண்டும், ஒருநாள் விட்டால் மொட்டு விரிந்து வீணாகிவிடும், அதனால் இடைவெளி என்பது ஏட்டில் மட்டும்தான். கையுறை போடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் அந்தச் சின்ன மொட்டைக் கையுறையோடு ஒரு மணி நேரம் எடுத்துப் பார்க்கட்டும். கொஞ்சமாவது நடக்கக்கூடியது என்றால், காலை எடுப்பு முடிந்ததும் அடிப்பது, மறுநாள் எடுப்புக்குள் முடிந்தவரை நேரம் விடுவது, சிவப்பு முக்கோண மருந்தைப் பூவெடுப்புக் காலத்தில் தொடாமல் இருப்பது. எடுத்து முடித்ததும் கை கால் கழுவ சோப்பும் தண்ணீரும் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். மடியில் பூவைக் கட்டிக்கொண்டு அதே சேலையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

பாம்புக்குத் தலையில் கட்டுகிற லைட்டும் காலில் கனமான செருப்பும், முடிந்தால் பூட்ஸும். இவை தோட்டக்காரர் வாங்கித் தர வேண்டியவை என்பது என் கட்சி. கடித்தால் மந்திரம், பச்சிலை என்று அலையாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு. மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்கிற அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

மேஸ்திரியோ கடைக்காரரோ தொந்தரவு செய்தால்?

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் வருடச் சட்டம் ஆபீசுக்கு மட்டும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம், தோட்டம், கடை எல்லாவற்றுக்கும் மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று நிற்க வேண்டாம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். எண் 15100.

நலவாரியம், உழவர் அட்டை, இ-ஷ்ரம். எதில் சேர்வது?

பூ எடுக்கிறவர் விவசாயத் தொழிலாளி, அதனால் உழவர் பாதுகாப்புத் திட்டம், உழவர் அட்டை என்பது அதில் தருவதுதான். இரண்டரை ஏக்கருக்குள் நன்செய் அல்லது ஐந்து ஏக்கருக்குள் புன்செய் வைத்துத் தானே உழுகிற சிறு தோட்டக்காரரும் இதில் சேரலாம். வி.ஏ.ஓ. மூலம் கேளுங்கள். கட்டுகிறவரும் கடையில் வேலை செய்கிறவரும் தெருவில் விற்கிறவரும் தொழிலாளர் துறையின் நலவாரியங்களில் வருவார்கள். இ-ஷ்ரம் 2021-ல் வந்த மத்திய அரசுப் பதிவு, 16 முதல் 59 வயது வரை. அது ஒரு பதிவு, அவ்வளவுதான். உதவித்தொகை கிடைப்பது வாரியத்திலும் உழவர் அட்டையிலும்தான்.

தெருவில் கூடை வைத்து விற்கிறேன். விரட்டுகிறார்கள், பூவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

2014-ம் வருடத் தெரு வியாபாரிகள் சட்டத்தில் உங்களுக்கென்றே எழுதியது போல ஒரு வரி இருக்கிறது. பறிமுதல் செய்த சரக்கு அழுகக்கூடியது என்றால், நீங்கள் போய்க் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊருக்கு ஊர் அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

விரட்டுவதைவிடக் கூடைக்காரரை அதிகம் தின்பது வட்டி. காலையில் 900 கொடுத்து சாயங்காலம் 1,000 வாங்குகிற பழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு நாளைக்கு நூறு ரூபாய், மாதம் இருபத்தைந்து நாள் விற்றால் 2,500, அதுவும் தொள்ளாயிரம் ரூபாய்க் கடனுக்கு. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி என்று பெயர் சொல்லியே 2003-ல் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். தடை இருக்கிறது, வட்டியும் இருக்கிறது. தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-ல் தொடங்கிய சுவநிதிக் கடனோ, மகளிர் குழுக் கடனோ ஒருமுறை கிடைத்து அந்தக் காலைக் கடனிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வருமானம் கூடிய மாதிரியே ஒரு வித்தியாசம் தெரியும்.

ஃபேர்டிரேடு, நியாய வணிகம் என்கிறார்களே, அது என்ன? கென்யாவில் இருக்கிறதாமே?

வெளிநாட்டுக் கடைகளில் பூங்கொத்தின் மேல் ஒட்டியிருக்கிற ஒரு முத்திரை. கென்யாவில் நைவாஷா ஏரிக்கரையில் பெரிய பெரிய ரோஜாப் பண்ணைகள் இருக்கின்றன, எத்தியோப்பியா, கொலம்பியா, ஈக்வடாரிலும் உண்டு. ஐரோப்பாவுக்குப் போகிற பூவில் ஒரு பகுதி நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலத்தைத் தொட்டுப் போகும். அங்கே ஏல விலை மேலே இருந்து கீழே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குச் சரக்கு. அந்தப் பண்ணைகளிலும் பெண்கள்தான் அதிகம், பிப்ரவரி 14 நெருங்கினால் ராத்திரி பகல் வேலை, மருந்து நெடி, குறைந்த கூலி. நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதல்லவா, அதனால்தான் இங்கே கொண்டுவந்தேன்.

முத்திரை பெற்ற பண்ணை தொழிலாளர் விதிகளை ஒப்புக்கொள்ள வேண்டும், தணிக்கைக்கு ஆள் வரும். பூ விலைக்கு மேல் பத்து சதவீதம் தனியாக ஒரு நிதியில் சேரும், அதைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த குழு பள்ளிக்கோ வீட்டுக்கோ கடனுக்கோ செலவழிக்கும். காப்பி, வாழைப்பழத்துக்கு இருப்பது போலக் குறைந்தபட்ச விலை பூவுக்குக் கிடையாது. 2017-ல்தான் பூத் தொழிலாளர்களுக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அடிமட்டக் கூலியை அந்த முத்திரையில் சேர்த்தார்கள்.

அப்படியானால் முத்திரை நல்லதா, ஏமாற்றா?

இரண்டும் இல்லை. பத்து சதவீத நிதியில் கட்டிய பள்ளிக்கூடம் நிஜம். ஆனால் நிதி வேறு, கூலி வேறு. முத்திரை வாங்கிய பண்ணையிலும் கூலி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கென்யத் தோட்ட, வேளாண் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து போடுகிற ஒப்பந்தம்தான். ஐரோப்பாவில் ரோஜா வாங்குகிறவருக்கு முத்திரை தெரியும், சங்கம் தெரியாது. எனக்கு அதுதான் இந்த ஏற்பாட்டில் இடிக்கிறது.

மதுரை மல்லிக்குத்தான் புவிசார் குறியீடு வாங்கியாச்சே?

2013-ல் கிடைத்தது, பெருமைதான். ஆனால் அது பெயருக்கும் மண்ணுக்கும் பாதுகாப்பு, வேறு ஊர்ப் பூவை மதுரை மல்லி என்று விற்கக் கூடாது என்பதற்கு. கூலி பற்றி அதில் ஒன்றுமே கிடையாது. பூ எந்த மண்ணில் வந்தது என்று சொல்லும், யார் எடுத்தது என்று சொல்லாது.

அப்படியென்றால் மல்லிக்கும் ஒரு நியாய வணிக முத்திரை கொண்டுவரலாமே?

எனக்கு நம்பிக்கை இல்லை. ரோஜாப் பண்ணை என்பது ஒரு வேலிக்குள் சில நூறு பேர், ஒரு முதலாளி, ஒரு பதிவேடு. மல்லி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிறது. காலை எட்டு மணிக்குள் ஐம்பது தோட்டத்துப் பூ ஒரே கடைத் தரையில் கொட்டிக் கலந்துவிடும். இதில் எந்தப் பூவுக்கு நியாயக் கூலி கொடுத்தார்கள் என்று எந்தத் தணிக்கைக்காரர் பிரிப்பார்? தணிக்கைச் செலவைத் தாங்குகிற தோட்டமும் இல்லை. ஒரே தோட்டக்காரர் கூட்டத்திடமிருந்து நேராக வாங்கி விமானத்தில் ஏற்றுகிற ஏற்றுமதியாளர் வேண்டுமானால் கேட்கலாம். மற்ற இடத்தில் தராசும் நோட்டும் குறைந்தபட்சக் கூலியும்தான் வேலைக்கு ஆகும்.

கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் செய்கிறோம். ஜெர்பரா, கார்னேஷன், ரோஜா எல்லாம் ஓசூர் பக்கத்திலிருந்து வருகிறது. அதில் என்ன கேட்பது?

பசுமைக்குடிலில் மூடின கூரைக்குள் மருந்தடிப்பதால் அங்கே அடித்தபின் எத்தனை மணி நேரம் ஆளை உள்ளே விடுவதில்லை என்று கேளுங்கள். கேட்கிற வாடிக்கையாளர் மிகக் குறைவு, கேட்டாலே கவனிப்பார்கள். ஆனால் அதைவிடப் பக்கத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. மண்டபத்தில் ராத்திரி முழுக்க ஏணியில் நின்று பூச் செருகுகிற பையன்களுக்கு என்ன கூலி, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு உண்டா, படுக்க இடம் உண்டா? ஓசூரைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் அலங்காரக்காரரைக் கேளுங்கள், பில்லில் ஆள்கூலியைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.

பூக்காரம்மாவிடம் பேரம் பேசாமல் இருந்தால் போதுமா?

பேரம் பேசாமல் இருங்கள், நல்லதுதான். அந்தப் பத்து ரூபாய் அவருக்குப் போய்ச் சேரும், தோட்டத்தில் எடுத்தவருக்குப் போகாது.

பூவே வாங்காமல் விட்டுவிட்டால்?

2020 ஊரடங்கில் கோயிலும் கல்யாணமும் நின்றபோது பார்த்தோமே. பூ செடியிலேயே விரிந்து உதிர்ந்தது. முதலில் வேலை போனது எடுக்கிறவருக்கும் கட்டுகிறவருக்கும். கென்யாவிலும் ஆர்டர் ரத்தானதும் ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சங்கம் வைக்க முடியுமா? பூவெடுப்புக்கெல்லாம் சங்கமா என்று சிரிக்கிறார்கள்.

ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம், 1926-ம் வருடச் சட்டம் முதல் அப்படித்தான், விவசாயத் தொழிலாளிக்கும் அது உண்டு. கிராமப்புறத் தொழிலாளர் அமைப்புகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 141-ம் உடன்படிக்கையை இந்தியா 1977-லேயே ஏற்றுக்கொண்டது. சிரிக்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: பூ காத்திருக்காது என்பது தோட்டக்காரருக்குப் பலவீனம் என்றால், எடுக்கிறவருக்கு அது பலம். பஞ்சாலையில் ஒருநாள் நின்றால் பஞ்சு அப்படியே இருக்கும், இங்கே இரண்டு மணி நேரம் தள்ளினாலே அன்றைய பூ போச்சு. அதனால்தான் பெரும்பாலும் நிறுத்த வேண்டிய அவசியமே வருவதில்லை, ஒன்றாகப் போய்ப் பேசினாலே கேட்பார்கள். சொந்தக்காரர், ஊர்க்காரர், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது, தெரியும், அதனால் சண்டையாகப் போக வேண்டாம்.

ஆனால் எப்போது பேசுவது என்பதில் கவனம் வேண்டும். பலரும் மார்கழியில் விலையைப் பார்த்து ஆத்திரப்பட்டுப் பேசப் போகிறார்கள், அப்போது பூவே இல்லை, ஆள் தேவையும் இல்லை. மாசிக் கடைசியில் பூ ஏறத் தொடங்கும், அடுத்த மூன்று மாதமும் எந்தத் தோட்டத்திலும் ஆள் பற்றாது. அந்த நேரத்தில் போய் இரண்டே இரண்டு கேளுங்கள்: வேளைக்கு இவ்வளவு என்று ஒரு அடிக்கூலி, அதற்கு மேல் எடுக்கிற கிலோவுக்குத் தனி. சீசனில் தினமும் கிலோக் கணக்கே அடிக்கூலியைத் தாண்டிவிடும் என்பதால் தோட்டக்காரருக்கு அன்றைக்கு அது செலவாகவே தெரியாது, ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொண்டதைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், மார்கழிக்கும் இதேதான் என்று ஒரு வரி சேர்த்து.